நெட் இழுக்குதா? பெரிய பெக்கேஜுக்கு மாறுவதற்கு முன் செய்ய வேண்டியவை

"வீட்டில நெட் இழுக்குது" என்ற ஒரே முறைப்பாட்டுக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். வேகம் போதாமல் இருக்கலாம். வேகம் இருந்தும் பதில் வரத் தாமதமாகலாம். அல்லது மாதக் கோட்டா முடிந்து கம்பனியே வேகத்தைக் குறைத்திருக்கலாம். பெரிய பெக்கேஜ் எடுத்தால் மூன்றாவது தீரும், முதலாவது சில வேளை தீரும், இரண்டாவது பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆகவே காசைக் கட்டுவதற்கு முன் எது என்று பாருங்கள். ஒரு லெப்டொப், ஒரு நெட்வேர்க் கேபிள், ஒரு ஃபோன், அரை மணித்தியாலம் போதும்.

படி 1: பெக்கேஜில் உள்ள எண்கள்

வேகத்தை எம்பிபிஎஸ் என்றும் டேட்டாவை ஜிபி என்றும் போட்டிருப்பார்கள். முதலாவது பிட் கணக்கு, இரண்டாவது பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு செக்கனுக்கு இறங்குவது 12.5 எம்பிதான். டவுன்லோட் ஓடும்போது "12 எம்பி" என்று காட்டினால் கம்பனியோடு சண்டைக்குப் போகாதீர்கள். முழு வேகமும் வருகிறது என்று அர்த்தம்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்திருங்கள்: 1 எம்பிபிஎஸ் ஒரு மணித்தியாலம் விடாமல் ஓடினால் 450 எம்பி போகும். இதை வைத்து எதையும் மதிப்பிடலாம். 5 எம்பிபிஎஸ் வீடியோ என்றால் மணிக்கு 2.25 ஜிபி. பின்னால் இந்தக் கணக்கு நிறையத் தேவைப்படும்.

பெக்கேஜின் டேட்டா எப்படிப் பிரிந்திருக்கிறது என்றும் பாருங்கள். எந்த நேரமும் பாவிக்கக்கூடியது ஒரு பங்கு, நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கக்கூடியது ஒரு பங்கு என்று பிரித்துவிட்டு, இரண்டையும் கூட்டிய தொகையைப் பெரிய எழுத்தில் போடுவது வழக்கம். இரவுப் பங்கு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதைக் கம்பனியின் செயலியில் பார்த்துக் குறித்து வையுங்கள்.

படி 2: கேபிளில் அளவுங்கள்

வைஃபையில் அளந்த வேகத்தை வைத்து லைனைக் குறை சொல்ல முடியாது. ரவுட்டரிலிருந்து லெப்டொப்புக்குக் கேபிளைச் செருகி, லெப்டொப்பின் வைஃபையை நிறுத்துங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களின் ஃபோன், டிவி எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் நெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு ஸ்பீட்டெஸ்ட் தளத்தில் ஒருமுறை கொழும்பு சேர்வரையும், அடுத்த முறை சிங்கப்பூர் சேர்வரையும் தெரிவுசெய்து அளவுங்கள். பகலில் ஒரு தடவை, இரவு 9 மணியளவில் ஒரு தடவை.

இந்தச் சோதனைக்கும் டேட்டா போகும். 50 எம்பிபிஎஸ் லைனில் 10 செக்கன் ஓடினால் டவுன்லோடுக்கு மட்டும் 62.5 எம்பி. சின்னப் பெக்கேஜில் இருப்பவர்கள் நிமிடத்துக்கு ஒருமுறை டெஸ்ட் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

வந்த எண்ணைப் பார்த்தால் கோளாறு எங்கே என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பெக்கேஜில் சொன்னதற்குக் கிட்ட வந்தால் லைன் சரி, குறை வீட்டுக்குள்தான்; படி 4, 5க்குப் போங்கள். 100க்கு மேற்பட்ட பெக்கேஜ் எடுத்தும் 94, 95இலேயே நின்றால் ரவுட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கும், இல்லையென்றால் கேபிளுக்குள் ஒரு வயர் அறுந்திருக்கும். கிகாபிட் வேகத்துக்குக் கேபிளின் 8 வயரும் வேலை செய்ய வேண்டும். நான்கு மட்டும் சரியாக இருந்தாலும் இணைப்பு வரும், ஆனால் 100ஐத் தாண்டாது. கேட் 5இ கேபிள் ஒன்றை மாற்றிப் பார்த்தால் எது என்று தெரியும்.

பகலில் நன்றாக இருந்து இரவில் விழுந்தால் அது நெரிசல். 4ஜி ரவுட்டர்களில் இது சகஜம், ஒரே கோபுரத்தைச் சுற்றியுள்ள எல்லோரும் பங்குபோடுகிறார்கள். பெரிய பெக்கேஜ் எடுத்தாலும் அதே கோபுரம்தானே. உங்கள் ஒழுங்கைக்கு ஃபைபர் வந்திருக்கிறதா என்று விசாரிப்பது நல்லது. வேகம் 0.06 போன்ற ஒரு எண்ணில் அசையாமல் நின்றால் கோட்டா முடிந்துவிட்டது. அந்த 64 கேபிபிஎஸ் (0.064 எம்பிபிஎஸ்) வேகத்தில் 3 எம்பி படமொன்று இறங்க ஆறு நிமிடத்துக்கு மேல் எடுக்கும்.

படி 3: தாமதத்தைப் பாருங்கள்

ஸூம் கூட்டத்தில் குரல் உடைகிறது, கேமில் கை அசைத்து அரை செக்கன் கழித்துத்தான் ஆள் அசைகிறான் என்றால் பார்க்க வேண்டியது வேகத்தையல்ல, பிங்கை, அதாவது ஒரு சிறு தகவல் போய்ப் பதில் திரும்பி வர எடுக்கும் நேரத்தை. கேபிளைக் கழற்றி லெப்டொப்பை மறுபடி வைஃபையில் இணைத்துவிட்டு, விண்டோஸின் தேடல் பெட்டியில் சி, எம், டி (cmd) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் பிங் (ping) என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, ரவுட்டரின் முகவரியைப் போடுங்கள். 192.168.1.1 அல்லது 192.168.8.1 போல ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். பிறகு அதே மாதிரி கூகுளின் பொதுச் சேர்வர் முகவரியான 8.8.8.8க்கும் போடுங்கள்.

ரவுட்டருக்கான பதில் சில மில்லிசெக்கனில் வர வேண்டும். அங்கேயே 80, 150 என்று துள்ளினால் வைஃபைதான் குற்றவாளி. ரவுட்டர் சரியாக இருந்து 8.8.8.8 துள்ளினால் லைன் அல்லது அப்லோட்.

தூரத்தால் வரும் தாமதத்தை யாராலும் குறைக்க முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீற்றர் போகும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். போய் வரவே 27 மில்லிசெக்கன் வேண்டும். லண்டனுக்கு 87. கடலடிக் கேபிள் வளைந்து வளைந்து போவதால் உண்மையில் இன்னும் கூடும். கனடாவில் உள்ள சேர்வரில் விளையாடிவிட்டுக் கொழும்புக் கம்பனியைத் திட்டிப் பயனில்லை.

படி 4: அப்லோட் நிரம்புகிறதா?

பலர் கவனிக்காத இடம் இது. பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் அப்லோட் வேகம் டவுன்லோடைவிடக் குறைவு. அது நிரம்பிவிட்டால் டவுன்லோடும் படுத்துவிடும். பக்கமொன்று இறங்கும்போது "கிடைத்தது, அடுத்ததை அனுப்பு" என்று உங்கள் கணினி விடாமல் பதில் அனுப்ப வேண்டும்; அந்தச் சிறு பதில்கள் ஒரு பெரிய வீடியோ ஏறுவதற்குப் பின்னால் வரிசையில் காத்து நிற்கும்.

சோதிப்பது சுலபம். 8.8.8.8க்கான பிங் கட்டளையின் முடிவில் இடைவெளி விட்டு ஒரு சிறுகோடும் ஆங்கில டி எழுத்தும் (-t) சேர்த்தால் அது நிற்காமல் ஓடும். அது ஓடும்போதே ஸ்பீட்டெஸ்ட் போடுங்கள். அப்லோட் பகுதி வரும்போது பிங் 30இலிருந்து 400, 500க்குத் தாவினால் பிடிபட்டுவிட்டது. பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைப் போட்டால் திறக்கும் செட்டிங்ஸ் பக்கத்தில் கியூஓஎஸ் (எந்தத் தகவலுக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் வசதி) அல்லது பேண்ட்வித் கட்டுப்பாடு என்ற பகுதி இருந்தால், அளந்த அப்லோட் வேகத்தின் 85 முதல் 90 வீதத்தை எல்லையாகப் போடுங்கள். 10 எம்பிபிஎஸ் வந்தால் 8.5 அல்லது 9. வேகத்தில் கொஞ்சம் போகும், ஆனால் அம்மா கூகுள் ஃபொட்டோஸில் கல்யாணப் படங்களை ஏற்றும்போதும் உங்கள் ஸூம் அறாது. இந்த வசதி இல்லாத ரவுட்டர் என்றால் அப்படியான அப்லோட்களை இரவுக்குத் தள்ளுவதுதான் வழி.

படி 5: வைஃபை

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் ஃபோனை எடுத்துப் பார்த்தால் இருபது, முப்பது வைஃபை பெயர்கள் வரிசையாக வரும். வைஃபை பாவிக்கும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 மூன்றே மூன்று. வைஃபை அனலைசர் செயலியொன்றைப் போட்டுப் பார்த்து, மூன்றில் கூட்டம் குறைந்ததை ரவுட்டரில் தெரிவுசெய்யுங்கள். சனல் அகலத்தை 20 ஆக்குங்கள். 40 வைத்தால் பக்கத்து வீட்டுக்காரரின் இரைச்சலையும் சேர்த்து வாங்குவீர்கள்.

5 கிகாஹேர்ட்ஸுக்கு வேறு பெயர் கொடுத்துப் பிரித்துவிடுங்கள். டிவி, லெப்டொப், நீங்கள் வழமையாக இருக்கும் அறையிலுள்ள ஃபோன் அதில் சேரட்டும். கொங்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டினால் அது மங்கிவிடும், அங்கே மட்டும் 2.4.

ரவுட்டரை அலுமாரிக்குள், டிவிக்குப் பின்னால், பிரிட்ஜுக்கு மேல் வைக்காதீர்கள். 4ஜி ரவுட்டர் என்றால் ஜன்னலோரம். அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (கோபுரத்திலிருந்து வரும் சிக்னலின் பலம்) என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே இடத்தை மாற்றுங்கள்: -80க்குக் கிட்ட என்றால் நல்லது, -110 என்றால் மோசம். ஒரு மீற்றர் தள்ளி வைத்தாலே சில வேளை பத்து புள்ளி ஏறும்.

படி 6: டேட்டா எங்கே ஒழுகுகிறது

கோட்டா 20ஆம் திகதியே முடிகிறது என்றால் யூடியூப்பைக் குறை சொல்வதற்கு முன் வீட்டுக் கமராவைப் பாருங்கள். கிளவுட்டுக்கு 1 எம்பிபிஎஸ்ஸில் இரவு பகலாக ஏற்றும் ஒரே ஒரு கமரா நாளுக்கு 10.8 ஜிபி தின்னும், மாதத்துக்கு 324. அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு என்று மாற்றுங்கள், அல்லது மெமரி கார்டில் பதியவிடுங்கள்.

வெளிநாட்டுக்கு வட்ஸ்அப் வீடியோவில் கதைக்கும்போது போவதும் வருவதும் இரண்டும் கணக்கில் சேரும். ஒவ்வொரு பக்கமும் 1 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 900 எம்பி. முடிந்த அழைப்பைத் தொட்டால் எவ்வளவு போனது என்று வட்ஸ்அப்பே காட்டும். செட்டிங்ஸில் சேமிப்பும் டேட்டாவும் பகுதிக்குப் போய் வீடியோக்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். குடும்பக் குரூப் நான்கில் இருப்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை, 4கேயில் 7 ஜிபி வரை எடுக்கும். 32 அங்குல டிவியில் 4கே ஓட்டுவது வீண். கணக்கு செட்டிங்ஸில் தரத்தை ஒரு படி குறைத்துவிடுங்கள்.

விண்டோஸில் உங்கள் வைஃபையின் பண்புகளுக்குள் போய் "மீட்டர்டு" இணைப்பு என்று குறியுங்கள், பெரிய அப்டேட்கள் தானாக இறங்குவது நிற்கும். மாதம் ஒருமுறை இரவு டேட்டா நேரத்தில் அதை எடுத்துவிட்டு அப்டேட் செய்ய மறக்காதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடுதான் வருகின்றன. அண்ட்ரொய்ட் ஃபோனில் டேட்டா சுழற்சித் திகதியை ரீலோட் செய்த நாளுக்கு மாற்றுங்கள். அது 1ஆம் திகதியிலேயே இருந்தால் காட்டும் கணக்கு பெக்கேஜோடு ஒருபோதும் ஒத்துவராது.

இத்தனைக்கும் பிறகும் கணக்கு உதைத்தால் ரவுட்டரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து எண்ணுங்கள். உங்களுடையதல்லாத ஒன்று இருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள், டபிள்யூபிஎஸ்ஸையும் (வைஃபை பாஸ்வேர்டைத் தட்டாமலே கருவிகளை இணைக்கவிடும் வசதி) நிறுத்துங்கள்.

படி 7: முறைப்பாடு

கேபிளில் அளந்தும் லைன்தான் பிழை என்று உறுதியானால் மூன்று நாள் பகலும் இரவும் எடுத்த ஸ்பீட்டெஸ்ட் படங்கள், பிங் படம், 4ஜி என்றால் ஆர்எஸ்ஆர்பி எண் ஆகியவற்றைச் சேர்த்து எழுத்தில் அனுப்புங்கள். "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்ற முதல் பதிலைத் தாண்டிப் போக இவை உதவும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பிறகும் தீராவிட்டால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதும்போது அந்த இலக்கத்தையும் கம்பனி அனுப்பிய பதிலையும் இணையுங்கள்.