18ஆம் நூற்றாண்டுக் கலைஞர்களின் பிழைப்பைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பிய இசை, ஓவியம் பற்றித் தமிழில் எழுத வரும் இளைஞர்களின் கட்டுரைகளைச் சில வருடங்களாகத் திருத்திக் கொடுக்கிறேன். போன மாதம் வந்த மூன்று கட்டுரைகளிலும் நான் முன்பு செய்த அதே தவறுகள் இருந்தன. ஆண்டு பிசகுவது, பெயரைத் தப்பாக எழுதுவது எல்லாம் ஒரு பார்வையில் பிடிபட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சம்பளத்தையே வருமானம் என்று எடுத்துக்கொள்வது

ஒரு சிறு நூலுக்காக, எந்த இசையமைப்பாளர் ஆண்டுக்கு எவ்வளவு வாங்கினார் என்று அட்டவணை போட்டேன். ஹைடன் 400, பாக் 700, மொசார்ட் 800, க்ளுக் 2000. பக்கத்தில் இன்றைய ரூபாய் மதிப்பு வேறு. நூல் அச்சாகி வந்த வாரமே ஒரு வாசகர் கேட்டார்: "பாக்குக்குப் போட்டிருப்பது தாலர், மற்ற மூவருக்கும் குல்டன். ரெண்டையும் எப்படிங்க ஒரே வரிசையில் வெச்சீங்க?" ஒரு தாலர் ஏறக்குறைய ஒன்றரை குல்டன். 500 பிரதிகளிலும் அந்தத் தாளை வெட்டி, புதிதாக அச்சடித்த தாளை ஒட்டினோம். செலவு என்னுடையது. இன்றும் புதிதாக எழுதுகிறவர்களிடமிருந்து அதே போன்ற அட்டவணை வரும்போது எரிச்சல் வருகிறது.

நாணயக் குழப்பத்தையாவது ஒரு பெருக்கலில் சரிசெய்யலாம். அந்த எண்கள் ஒரே வகைப் பணமே அல்ல என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பாக்கின் 700 தாலர், 1730 அக்டோபரில் தன் நண்பர் எர்ட்மனுக்கு அவரே எழுதிய கடிதத்தில் வருகிறது. அது எல்லாம் சேர்ந்த மொத்தம். பள்ளியிலும் தேவாலயங்களிலும் இசையைக் கவனிக்க அவரை வைத்திருந்த லைப்சிக் நகரம் கொடுத்த நிலையான பணம் சுமார் 100 தாலர்தான். மீதியில் பெரும்பங்கு கல்யாணம், சாவு ஆகியவற்றுக்கான இசைக்கு வந்த வரும்படி. ஊரில் சாவு கூடினால் வரும்படியும் கூடும், காற்று ஆரோக்கியமாக வீசினால் குறையும் என்கிறார். முந்தைய வருடம் சாவு குறைந்ததால் 100 தாலருக்கு மேல் நஷ்டமாம். குடியிருக்கப் பள்ளிக் கட்டடத்திலேயே வீடு கொடுத்திருந்தார்கள். அதை எந்த எண்ணும் காட்டாது.

ஹைடனின் 400 குல்டன், 1761 மே 1 அன்று எஸ்டர்ஹாசி பிரபுவோடு போட்ட ஒப்பந்தத்தில் உள்ள தொகை. அதோடு அதிகாரிகள் மேசையில் சாப்பாடு உண்டு, அல்லது சாப்பாட்டுக்கு ஈடாக நாளுக்கு அரை குல்டன். ஒரு வருடத்துக்கு அதுவே 182 குல்டனைத் தாண்டும். மறுபக்கம், அவர் எழுதும் இசை பிரபுவுக்குச் சொந்தம். அனுமதியின்றிப் பிறருக்கு எழுதித் தரக் கூடாது. 1779இல் போட்ட புதிய ஒப்பந்தத்தில் இந்தத் தடை இல்லை. அதன்பிறகுதான் அவர் பதிப்பாளர்களோடு தாராளமாக வியாபாரம் பேச முடிந்தது. ஹைடனின் வருமானத்தைப் பற்றி எழுதுகிறவர் முதலில் சொல்ல வேண்டியது இந்த 1779ஐ.

மொசார்ட்டின் 800 குல்டன் 1787 டிசம்பரில் கிடைத்த அரண்மனைப் பதவிக்கானது. முக்கிய வேலை, அரண்மனை நடன விருந்துகளுக்கு இசை எழுதுவது. மற்ற நேரம் அவருடையது. 1785 மார்ச்சில் ஒரே கச்சேரியில் அவருக்கு 559 குல்டன் வசூலானதாக அவர் தந்தை எழுதியிருக்கிறார். ஆப்பெரா எனும் இசை நாடகங்கள், மாணவர்கள், பதிப்பாளர்கள் எல்லாம் அதற்கு மேல். 800ஐ மட்டும் வைத்து அவர் ஏழை என்று எழுதாதீர்கள். வருமானம் நல்ல வருடங்களில் கொட்டியது, மற்ற வருடங்களில் வற்றியது. பிற்காலத்தில் கடன் கேட்டு அவர் எழுதிய கடிதங்களை அந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ரூபாய்க்கு மாற்றவே மாற்றாதீர்கள். அதே ஊர், அதே காலம், இன்னொரு சம்பளம்: அந்த ஒப்பீடு போதும். வியன்னா அரண்மனையில் க்ளுக்குக்கு 2000, அவர் இறந்த அடுத்த மாதமே மொசார்ட்டுக்கு 800 என்பதில் ஒரு செய்தி இருக்கிறது.

'வேலைக்காரர்' என்று படித்ததும் உருகிவிடுவது

ஹைடன் வெள்ளைக் காலுறை போட்டு, தலையில் பவுடர் பூசி, மதியத்துக்கு முன்னும் பின்னும் பிரபுவின் முன்னறையில் போய் நிற்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. மொசார்ட்டோ 1781இல் சால்ஸ்பர்க் பேராயரின் பரிவாரத்தோடு வியன்னாவில் இருந்தபோது, சாப்பாட்டு மேசையில் பேராயரின் அறைப் பணியாளர்களுக்குக் கீழே, சமையல்காரர்களுக்கு மேலே தன்னை உட்கார வைத்ததாகக் குமுறி எழுதுகிறார்.

இரண்டையும் ஒரே அவமானமாக எழுதுகிறார்கள். ஹைடனின் தந்தை வண்டிச் சக்கரம் செய்கிறவர். அந்தக் குடும்பத்துக்கு அதிகாரிகள் மேசை என்பது பெரிய ஏற்றம். மொசார்ட் ஆறு வயதில் மரியா தெரேசா பேரரசியின் மடியில் ஏறி உட்கார்ந்தவர். எங்கிருந்து வந்து அந்த மேசையில் உட்கார்ந்தார்கள் என்று பாருங்கள்.

ஐரோப்பாவை ஒரே ஊராக எழுதுவது

1730 மார்ச்சில் பாரிஸில் அத்ரியென் லெகூவ்ரர் இறந்தார். நடிகை என்பதால் திருச்சபை அடக்கம் மறுத்தது. இரவில் கொண்டுபோய் எங்கோ புதைத்தார்கள். அதே வருடம் அக்டோபரில் லண்டன் நடிகை ஆன் ஓல்ட்ஃபீல்ட் இறந்தார். அவரை அரசர்களை அடக்கம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். இந்த வேறுபாட்டைச் சொல்லி பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் கோபமாகக் கவிதையே எழுதினார். எந்த நாடு என்று குறிப்பிடாமல் 'அக்காலத்தில் நடிகர்களின் நிலை' என்று தொடங்காதீர்கள்.

மொசார்ட்டின் 'அநாதைப் புதைகுழி'

மொசார்ட்டைக் கேட்பாரற்ற அநாதைபோலப் புதைத்தார்கள் என்று எழுதுகிறார்கள். அது அன்றைய வியன்னாவின் சாதாரணக் குடிமக்களுக்கு வழக்கமான அடக்கம்தான்.

பெண் ஓவியர்களை மறப்பது

பாரிஸின் ஓவியர் அமைப்பான அகாதெமி 1783இல் பெண் ஓவியர் விஜே லெப்ரனைச் சேர்த்துக்கொண்டபோது நான்கு பெண்களுக்கு மேல் இடமில்லை என்று வரம்பு வைத்திருந்தது. கட்டாயம் எழுதுங்கள்.

கலைஞர் இறந்ததும் கணக்கை முடித்துவிடுவது

பாக் 1750இல் இறந்தார். அவர் மனைவி அன்னா மக்டலேனா பத்து வருடம் கழித்து, தர்மப் பணத்தில் வாழ்ந்து இறந்தார். மொசார்ட் இறந்த பிறகு கச்சேரி வசூலும் ஆப்பெராப் பணமும் நின்றுபோயின. அவர் மனைவி கான்ஸ்டன்சா பேரரசரிடம் மனுப் போட்டார். உதவித்தொகைக்குத் தேவையான பணிக்காலம் மொசார்ட்டுக்கு இல்லை. ஆனாலும் கருணையின் பேரில் ஆண்டுக்கு 266 குல்டன் 40 க்ராய்ட்சர் கொடுத்தார்கள். ஒரு குல்டனுக்கு 60 க்ராய்ட்சர்; அரண்மனைச் சம்பளமான அந்த 800இல் சரியாக மூன்றில் ஒரு பங்கு.