சோழர் அரியணையில் அடுத்து யார்? வியூக விளையாட்டுக்கு வாரிசுரிமை அமைக்கும் முறை

நான் முதலில் உருவாக்கிய வரலாற்று வியூக விளையாட்டில் மன்னர் இறந்தால் மூத்த மகன் தானாக அரியணை ஏறிவிடுவான். சோதித்துப் பார்த்த நண்பர் மூன்று மன்னர்கள் மாறியதைக் கவனிக்கவே இல்லை. வரிக் கணக்கில் மூழ்கியிருந்தார். தவறு என்னுடையதுதான். மன்னர் கண்ணை மூடும் நொடியில் மட்டும் வேலை செய்கிற விதியில் ஆட்டக்காரருக்கு என்ன வேலை? அவர் உயிரோடு இருக்கும் ஆண்டுகளில்தான் வாரிசுச் சண்டை நடக்க வேண்டும்.

சோழர்களை வைத்தே கட்டிப் பார்க்கலாம். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஓர் எக்செல் தாளும் ஒரு பகடையும் போதும்.

படி 1: ஆள் பட்டியல்

ஆளுக்கு ஒரு வரிசை. பெயர், பிறந்த ஆண்டு, தந்தை, தாய், இளவரசுப் பட்டம், ஆதரவு என்று ஆறு பத்திகள். சோழ மன்னர்கள் பலரின் பிறந்த ஆண்டு கிடைக்காது. பொருத்தமாக ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். தாய்க்கு எதற்குத் தனிப் பத்தி என்று தோன்றும். அழித்துவிடாதீர்கள், பிறகு சொல்கிறேன்.

படி 2: உரிமைப் புள்ளி

மன்னரின் மகனுக்கு 30, உடன்பிறந்தவருக்கு 20, பங்காளிக்கு 15, மகள் வழி வந்தவருக்கு 10. பதினாறு வயது நிரம்பாவிட்டால் 25 கழியும். படையும் அரசவையும் தரும் ஆதரவுக்கு 0 முதல் 40 வரை.

சோழ மன்னன் கண்டராதித்தன் இறந்த தருணத்தில் இதைச் சோதியுங்கள். மகன் மதுராந்தகன் சிறு குழந்தை: 30 − 25 + ஆதரவு 5 = 10. தம்பி அரிஞ்சயன்: 20 + ஆதரவு 15 = 35. அரிஞ்சயன்தான் அரியணை ஏறினான். கணக்கு வரலாற்றோடு ஒத்துப்போகிறது.

படி 3: இளவரசுப் பட்டம்

ஆட்டக்காரர் கையில் கொடுக்க வேண்டிய முதல் ஆயுதம் இதுதான். ராஜராஜன் 1012-இல் ராஜேந்திரனுக்குப் பட்டம் கட்டி, இரண்டு ஆண்டுகள் மகனோடு சேர்ந்தே ஆண்டான். ராஜேந்திரன் இன்னும் முந்திக்கொண்டான்: 1018-இலேயே மகன் ராஜாதிராஜனுக்குப் பட்டம் கட்டிவிட்டு 1044 வரை தானும் அரசனாக இருந்தான். ராஜாதிராஜனின் கல்வெட்டுகள் ஆட்சியாண்டை 1018-இலிருந்தே எண்ணுகின்றன. ஆகவே உங்கள் விளையாட்டிலும் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்சியாண்டுகள் ஓட வேண்டும்.

பட்டம் கட்டினால் 40 புள்ளி. இலவசமாகக் கொடுத்துவிட்டால் எல்லோரும் முதல் நாளே கட்டிவிடுவார்கள். பட்டம் பெற்றவனுக்குத் தனிப் படையும் தனி வருமானமும் போகட்டும். ஆண்டுதோறும் பகடை உருட்டி, 1 விழுந்தால் அவன் பொறுமையிழக்கட்டும். ஊர் அறிந்த வாரிசு எதிரிகளுக்கும் தெரிந்த வாரிசுதான். அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழன் பட்டம் கட்டிய மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். கொன்றவர்களின் உறவினர் சொத்தைப் பறிமுதல் செய்ததை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. கொலை நடந்தது சுந்தர சோழன் காலத்தில், கல்வெட்டோ ராஜராஜன் காலத்தது என்பதுதான் இன்றுவரை வாதத்துக்குத் தீனி.

படி 4: விட்டுக்கொடுத்தல்

கரிகாலன் போன பிறகு, சுந்தர சோழன் இறக்கும்போது யார்? கரிகாலனின் தம்பி, அதாவது மன்னரின் இன்னொரு மகன் அருள்மொழி: 30 + ஆதரவு 25 = 55. இதற்குள் வளர்ந்துவிட்ட மதுராந்தகன், மறைந்த மன்னரின் பெரியப்பா மகன்: 15 + ஆதரவு 25 = 40. கணக்குப்படி அருள்மொழி. ஆனால் உத்தம சோழன் என்ற பெயரில் அமர்ந்தவன் மதுராந்தகன்.

புள்ளியை மாற்றி இதைச் சரிக்கட்ட நானும் முயன்றேன். அரிஞ்சயன் கணக்கு உடைந்துபோனது. பிறகுதான் திருவாலங்காட்டுச் செப்பேடு நினைவுக்கு வந்தது. சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை தனக்கு அரசு வேண்டாம் என்று அருள்மொழி இருந்துவிட்டதாக அது சொல்கிறது. ஆக, இது புள்ளியில் அடங்காது. ஆட்டக்காரர் எடுக்கும் முடிவு. ‘விட்டுக்கொடு’ என்றொரு பொத்தான் வையுங்கள். அழுத்தினால் உள்நாட்டுப் போர் இல்லை, ஆதரவு 10 கூடும், ‘அடுத்து நான்’ என்ற வாக்குறுதி தாளில் பதிவாகும்.

வாக்குறுதி காப்பாற்றப்படுமா என்பதைப் பகடையிடம் விடுங்கள். வரலாற்றில் காப்பாற்றப்பட்டது: 985-இல் அருள்மொழி ராஜராஜனானான். உத்தம சோழனின் மகன், தாத்தா பெயரே கொண்ட கண்டராதித்தன், ராஜராஜன் ஆட்சியில் கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் அதிகாரியாக இருந்தான். என் விளையாட்டில் பாதிப் பேர் அந்தப் பிள்ளையைச் சிறையில் தள்ளிவிடுகிறார்கள்!

படி 5: களத்தில் சாவு

949-இல் தக்கோலத்தில் யானை மேலிருந்த பட்டத்து இளவரசன் ராஜாதித்தன் விழுந்தான். சோழப் படை சிதறியது. 1054-இல் கொப்பத்தில் மன்னன் ராஜாதிராஜனே யானை மேல் இருந்தபடி உயிர்விட்டான். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் அங்கேயே முடிசூடி, போரை வென்றான். விதி எளிது: களத்தில் இன்னொரு வாரிசு இருந்தால் படை நிற்கும், இல்லாவிட்டால் ஓடும். இருவரையும் ஒரே களத்துக்கு அனுப்பினால் இருவரும் சாகலாம் என்பதையும் சேருங்கள்.

படி 6: 1070-ஐ ஓட்டிப் பார்த்தல்

இரண்டாம் ராஜேந்திரனின் தம்பியும் அவனுக்குப் பின் வந்த மன்னனுமான வீரராஜேந்திரன் இறக்கிறான். மகன் அதிராஜேந்திரன்: 30 + பட்டம் 40 + ஆதரவு 5 = 75. அமர்கிறான், சில மாதங்களில் இறந்தும் போகிறான். அடுத்து வந்தவன் முதலாம் குலோத்துங்கன். தந்தை வழியில் கீழைச் சாளுக்கியன். தாய் அம்மங்கை, முதலாம் ராஜேந்திரனின் (ராஜராஜன் மகன்) மகள். 10 + ஆதரவு 30 = 40. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆண்டான்.

இப்போது தாய்ப் பத்தியை மறைத்துவிட்டு அதே ஆண்டை இன்னொரு முறை ஓட்டுங்கள். அதிராஜேந்திரனுக்குப் பிறகு தாள் ‘வாரிசு இல்லை’ என்று காட்டி நின்றுவிடும்.