கியாந்தி மலைகளில் கிராவல் சைக்கிள் பாதையை நாமே வரைவது எப்படி?

இத்தாலியில் ஃபுளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் இடையில் உள்ள கியாந்தி மலைகளில் திராட்சைத் தோட்டமும் காடும் மாறி மாறி வரும். அவற்றின் ஊடே தார் போடாத வெள்ளைச் சாலைகள் வளைந்து செல்லும்; சரளையில் ஓட்டுவதற்கென்றே அகலமான டயர் பூட்டிய கிராவல் சைக்கிளுக்கு ஏற்றவை. சுண்ணாம்புக் கல் நொறுங்கிய சரளைதான் அந்த நிறத்துக்குக் காரணம். இத்தாலியர்கள் 'ஸ்த்ராதே பியாங்கே' என்று சொல்வதற்கும் வெள்ளைச் சாலைகள் என்றே பொருள். இந்தச் சாலைகளைக் காக்கும் நோக்கத்துடன் 1997ஆம் ஆண்டு கயோலே என்ற சிற்றூரில் 'லெரோய்கா' என்னும் பழைய சைக்கிள்களுக்கான ஓட்டம் தொடங்கியது. அதன் 209 கிலோமீட்டர் நிரந்தரப் பாதையில் வழிகாட்டிப் பலகைகள் இருப்பதால், எந்த நாளிலும் அதைப் பின்பற்றி ஓட்டலாம். ஆனால் புதிதாகத் தொடங்குபவர் ஒரே நாளில் முடிக்கக்கூடிய நீளம் அன்று அது. காட்டையும் சேர்த்து ஐம்பது அறுபது கிலோமீட்டரில் ஒரு சுற்று வேண்டுமென்றால் நாமே வரைந்துகொள்ள வேண்டியதுதான்.

இணையவழி வரைபடத்தில் பாதை வரைவதும், டியூப் மாற்றுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் படி: தொடங்கும் இடம்

கயோலேயிலிருந்து தொடங்குங்கள். ஊர் ஏறத்தாழ 360 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே 600 மீட்டருக்கு மேல் பதீயா அ கோல்திபுவோனோ என்னும் பழைய மடாலயமும், அதற்கும் மேலே காடும் உள்ளன. தெற்கே சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கும் வெள்ளைச் சாலை பிரோலியோ கோட்டைக்கு ஏறுகிறது. ஆகவே காட்டுப் பாதியை ஒரு வளையமாகவும் தோட்டப் பாதியை இன்னொரு வளையமாகவும் வரைந்து, நடுவில் ஊருக்குத் திரும்புமாறு அமைத்தால், களைத்துப்போனவர் முதல் வளையத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கால்களில் வலு இருக்கும் காலை நேரத்தில் காட்டை முடித்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

இரண்டாம் படி: தரை எப்படிப்பட்டது என்று பார்ப்பது

நான் அடிபட்டது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதல் முறை வரைந்தபோது மலைமுகட்டிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் ஒரு காட்டுத்தடத்தைச் செயலி தானாகவே தேர்ந்தெடுத்து, 'சரளை' என்று வண்ணம் தீட்டிக் காட்டியது. நேரில் சென்றபோது முதல் ஐந்நூறு மீட்டர் ஒழுங்காகவே இருந்தது. அதன் பிறகு டிராக்டர் சக்கரம் பதிந்த இரண்டு தடங்களில் ஒன்றை மழைநீர் முழங்கால் ஆழத்துக்கு அரித்திருந்தது. மற்றொன்றில் செஸ்ட்நட் இலைகளும் முள்தோல்களும் மண்டிக் கிடக்க, அவற்றுக்கு அடியில் கைமுட்டி அளவு கற்கள் ஒளிந்திருந்தன. மூன்று கிலோமீட்டர் இறங்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அதில் பெரும்பகுதி சைக்கிளைத் தோளில் சுமந்தபடிதான்.

அறைக்குத் திரும்பி அந்தத் தடத்தின் மூலத் தகவலைத் தேடியபோதுதான் காரணம் விளங்கியது. இத்தகைய செயலிகள் பலவும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடத்தைச் சார்ந்தவை. அதில் வண்டித்தடங்களுக்கு 1 முதல் 5 வரை தர எண் கொடுக்கும் வழக்கம் உண்டு: 1 என்றால் கெட்டியான, பெரும்பாலும் தார் அல்லது நன்கு இறுகிய தரை, 5 என்றால் வெறும் மண்ணும் புல்லும். என் தடத்தில் தர எண்ணும் இல்லை, தரையின் வகையும் இல்லை. 'வண்டித்தடம்' என்ற ஒரு சொல் மட்டுமே இருந்தது. இல்லாத தகவலைச் செயலி நல்ல தகவலாக நிரப்பிக்கொண்டிருந்தது.

எனவே வரைந்து முடித்ததும், தார் அல்லாத ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சொடுக்கிப் பாருங்கள். தரம் 1, 2 என்றிருந்தால் வைத்துக்கொள்ளலாம். 3 என்றால் ஏற்றத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மெதுவாக ஏறும்போது கல்லைப் பார்த்து விலக்க முடியும். 4, 5, அல்லது எதுவுமே குறிக்கப்படாத தடம் என்றால், வேறு சான்று கிடைக்கும்வரை பாதையிலிருந்து நீக்கிவிடுங்கள். தோட்டப் பகுதியில் செயற்கைக்கோள் படத்திலேயே வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். காட்டில் மரக்கவிகை எல்லாவற்றையும் மூடிவிடும். அங்கே தெருமட்டப் படங்களைத் தொகுக்கும் மேப்பிலரி உதவும். சைக்கிள் ஓட்டுபவர்கள் பதிவுசெய்த தடங்களைத் தொகுத்து, அதிகம் பேர் சென்ற வழியைப் பிரகாசமாகக் காட்டும் ஸ்ட்ராவா செயலியின் வெப்ப வரைபடமும் பயன்படும் என்றாலும், காட்டுக்குள் அது பிரகாசமாகக் காட்டும் கோடு மவுண்டன் பைக் ஓட்டுபவர்கள் போட்டதாக இருக்கலாம். அவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கும் இடத்தில் நாம் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

வரைவதற்கு என் விருப்பம் பிரௌட்டர் என்னும் பாதை வரையும் இணையதளம். தோற்றம் அழகாக இராது. ஆனால் ஒவ்வொரு துண்டின் மூலக் குறிப்பையும் அட்டவணையாக அப்படியே காட்டிவிடும். அழகான செயலிகள் அதையெல்லாம் வண்ணங்களுக்குள் மறைத்துவிடுகின்றன.

மூன்றாம் படி: சரிவை அளப்பது

மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்ற எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். கியாந்தியில் நீண்ட மலையேற்றங்கள் குறைவு. குட்டையான, செங்குத்தான ஏற்றங்களே மிகுதி. அவற்றை இலவச உயரத் தரவுகள் சரியாகக் காட்டுவதில்லை. பல செயலிகள் பயன்படுத்தும் தரவு, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ராடார் மூலம் அளந்தது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில் அது கிடைக்கிறது. அடர்ந்த காட்டில் ராடார் அலை தரையைத் தொடுவதற்கு முன்பே மரங்களில் பட்டுத் திரும்பிவிடுவதால், தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இல்லாத ஒரு மேடு முளைக்கிறது. இந்தப் பிழையை மழுப்பச் செயலி சராசரி எடுக்கும்போது, உண்மையாகவே இருக்கும் செங்குத்தான ஏற்றமும் சேர்ந்து கரைந்துபோகிறது.

இதற்கு மாற்று, டஸ்கனி மாநில அரசின் ஜியோஸ்கோப்பியோ தளத்தில் உள்ள 1:10,000 அளவுத் தொழில்நுட்ப வரைபடம். அதில் 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு சமவுயரக் கோடு உண்டு. சாலை அடுத்தடுத்த இரண்டு கோடுகளைக் கடக்கும் தூரம் 100 மீட்டர் என்றால் சரிவு 10 சதவீதம். 50 மீட்டர் என்றால் 20 சதவீதம். சரளையில் 15 சதவீதத்தைத் தாண்டினால் பின்சக்கரம் வழுக்கத் தொடங்கும். எழுந்து நின்று மிதித்தால் இன்னும் மோசம்.

(பின்சேர்க்கை: 1:10,000 என்றால் ஒரு சென்டிமீட்டர் 100 மீட்டர் என்று முதலில் எழுதியிருந்தேன். திரையில் அளவுகோலை வைத்து அளந்து குழம்பிப்போனதாக ஒருவர் தெரிவித்தார். அச்சிட்ட தாளுக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். திரையில் தளத்தின் தூரம் அளக்கும் கருவியையே பயன்படுத்துங்கள்.)

கியருக்கும் இதே கணக்குதான். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 85 கிலோ என்றால், 10 சதவீதச் சரளை ஏற்றத்தில் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்க ஏறத்தாழ 185 வாட் தேவை. ஆகவே மிகச் சிறிய கியரில் முன்பக்க, பின்பக்கப் பற்சக்கரங்களின் பற்கள் எண்ணிக்கையில் சமமாகவோ, பின்பக்கம் அதிகமாகவோ இருக்க வேண்டும். முன்னால் 40, பின்னால் 42 என்ற அமைப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது.

டயர், மழை, வேட்டை

டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. காட்டுக்கு 45 இன்னும் நல்லது. இங்குள்ள 'அல்பெரேசே' என்னும் கடினமான சுண்ணாம்புக் கல் டயரின் பக்கவாட்டைக் கிழிக்கக்கூடியது என்பதால் டியூப்லெஸ் டயரும், ஓட்டையை அடைக்கும் இழைகளும் அவசியம். எழுபது கிலோ எடையுள்ளவர் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை காற்றடித்து, முன்சக்கரத்தில் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். கியாந்தியின் கல்நிலத்தில் மழைநீர் விரைவில் வடிந்துவிடும். பாதையைச் சியேனாவுக்குத் தென்கிழக்கே உள்ள களிமண் குன்றுகள்வரை நீட்டினீர்களானால், மழைக்கு மறுநாள் செல்ல வேண்டாம். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் களிமண் அப்பிக்கொண்டு சைக்கிள் நகரவே நகராது.

தோட்டங்களின் நடுவே செல்லும் பல வெள்ளைச் சாலைகள் பொதுப் பயன்பாட்டுக்கு உரியவை. 'ப்ரொப்ரியெத்தா பிரிவாத்தா' என்ற பலகையோ குறுக்குச் சங்கிலியோ இருந்தால் அது தனியார் இடம், திரும்பிவிடுங்கள். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். அப்போது வேட்டை அறிவிப்புப் பலகை வைத்த தடத்துக்குள் நுழையவே கூடாது; மற்ற இடங்களிலும் பளிச்சென்ற நிற மேலாடை அணிந்துகொள்ளுங்கள்.

கடைசிப் படி: பாதைக் கோப்பை ஏற்றுவது

வரைந்த பாதையைச் சேமித்த ஜிபிஎக்ஸ் கோப்பைச் சைக்கிளில் பொருத்தும் ஜிபிஎஸ் கருவியில் ஏற்றியதும், பாதை விலகினால் தானாக மறுகணக்கிடும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால், ஒரு திருப்பத்தைத் தவறவிட்ட மாத்திரத்தில் கருவி தன்னுடைய வரைபடத்தை வைத்துப் புதிய வழியைக் கண்டுபிடித்து, இரண்டாம் படியில் நீங்கள் உட்கார்ந்து நீக்கிய அதே காட்டுத்தடத்துக்குள் உங்களை இறக்கிவிடக்கூடும். அணைத்துவிட்டால் 'பாதை விலகியது' என்ற எச்சரிக்கை மட்டும் வரும். வந்த வழியே திரும்பி, தவறவிட்ட திருப்பத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.