பிடித்த கேமின் வேரைத் தேடுவது எப்படி? கேம் துறைக்கு வர விரும்பும் மாணவர்களுக்கு

கேம் டிசைனர் ஆக வேண்டும் என்று முடிவெடுத்த மாணவர்கள் பெரும்பாலும் பெரிய ஸ்டுடியோக்களின் பெயர்களைப் பட்டியல் போடுவதில்தான் ஆராய்ச்சியைத் தொடங்குகிறார்கள். எப்போது தொடங்கினார்கள், என்னென்ன கேம் வெளியிட்டார்கள், எத்தனை விற்றது என்று எழுதிக்கொண்டே போனால் நோட்டு நிறையும். ஆனால் ஒரு கேம் ஏன் அப்படி அமைந்தது என்பது அதிலிருந்து தெரியவே தெரியாது. வேலைக்கு உதவுவது அந்த 'ஏன்' மட்டும்தான். அதற்கு ஒரே ஒரு கேமை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டும். இங்கே 2009இல் வந்த 'டீமன்ஸ் சோல்ஸ்' கேமை வைத்துச் செய்து காட்டுகிறேன். நீங்கள் உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு கேம், ஒரு கேள்வி

"இந்த கேம் ஏன் நன்றாக இருக்கிறது" என்பது ஆராய முடியாத கேள்வி. "முன்பின் தெரியாத ஒருவர் என் உலகத்துக்குள் வந்து உதவிவிட்டு, பேசாமலே மறைந்துபோவது போல ஏன் வைத்தார்கள்?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் தேடலாம். கேள்வி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது.

படி 2: கிரெடிட்ஸை முழுதாகப் பாருங்கள்

கேம் முடிந்ததும் ஓடும் பெயர்களை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் பார்க்க வேண்டும். தவறவிட்டால் மோபிகேம்ஸ் தளத்தில் பெரும்பாலான கேம்களின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது.

முதலில் டெவலப்பர் (உருவாக்கியவர்) யார், பப்ளிஷர் (வெளியிட்டவர்) யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். டீமன்ஸ் சோல்ஸை உருவாக்கியது டோக்கியோவின் ஃபிரம்சாஃப்ட்வேர். ஜப்பானில் வெளியிட்டது சோனி, வட அமெரிக்காவில் அட்லஸ், ஐரோப்பாவில் நாம்கோ பாண்டாய். 2020இல் வந்த புதிய வடிவத்தைச் செய்ததோ புளூபாயின்ட் கேம்ஸ். ஒரே பெயருக்குப் பின்னால் இத்தனை நிறுவனங்கள்! இதைக் குழப்பிக்கொண்டால் தவறான இடத்துக்கு விண்ணப்பம் போகும்.

அப்புறம், உங்கள் கேள்விக்குப் பொறுப்பானவர் யார் என்று தேடுங்கள். இங்கே இயக்குநர் ஹிடேடாகா மியாசாகி.

படி 3: அவர் வாயாலேயே கேளுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். விக்கிபீடியாவில் "இதன் தாக்கம்" என்று ஒரு வரி இருந்தால் அதோடு நின்றுவிடாமல், அடிக்குறிப்பைத் திறந்து மூல நேர்காணலுக்குப் போங்கள். ஜிடிசி என்ற கேம் டெவலப்பர் மாநாட்டின் உரைகள் பல யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. கேம் செய்தவர்களே வந்து எது சரியாக வந்தது, எது சொதப்பியது என்று விளக்கும் உரைகள் அவை.

குறிப்பெடுக்க மூன்று வண்ணப் பேனா வைத்துக்கொள்ளுங்கள். உருவாக்கியவரே சொன்னது நீலம். விமர்சகர்கள் சொன்னது பச்சை. உங்களுக்குத் தோன்றியது சிவப்பு. இரண்டு கேம் ஒன்றுபோல இருப்பதாலேயே ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று ஆகிவிடாது. நீல மையில் சான்று இல்லாதவரை அது உங்கள் ஊகம்தான். ஜப்பானிய நேர்காணல்கள் மொழிபெயர்ப்பாளர் வழியாக வருபவை என்பதால், ஒரே செய்தியை இரண்டு நேர்காணல்களிலாவது பார்த்துவிடுங்கள்.

மியாசாகி விஷயத்தில் நீல மையில் என்ன கிடைக்கிறது? அவர் ஆரக்கிள் என்ற மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 2001இல் வந்த 'இகோ' கேமை விளையாடிய பிறகு துறை மாற முடிவெடுத்து, 2004இல், 29 வயதில், ஃபிரம்சாஃப்ட்வேரில் சேர்ந்தார். சிறுவயதில் தன் வாசிப்புத் திறனுக்கு மிஞ்சிய புத்தகங்களைப் படித்து, புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய கேம்களில் கதை துண்டு துண்டாகக் கிடைப்பதன் வேர் அங்கே தெரிகிறது.

நம் கேள்விக்கான பதில் இன்னும் அழகு. பனி பெய்த ஒரு நாள், மேட்டில் ஏற முடியாமல் கார்கள் வரிசையாகச் சிக்கிக்கொண்டன. பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்ற கார்களைத் தள்ளிவிட, ஒவ்வொன்றாக மேலேறின. மியாசாகியின் காரும் ஏறியது. நின்று நன்றி சொல்ல வழியில்லை, நின்றால் மறுபடி சிக்கிக்கொள்ளும். முகம் தெரியாதவர் வந்து உதவிவிட்டு மறையும் அந்த அமைப்பு இதிலிருந்துதான் பிறந்தது என்கிறார். கேம்களை மட்டுமே தேடிக்கொண்டிருந்தால் இந்தப் பதில் கிடைத்திருக்காது. ஆகவே தேடும்போது வாழ்க்கைச் சம்பவங்களையும் ஓவியம், கட்டடக்கலை போன்றவற்றையும் சேர்த்தே தேடுங்கள். இகோவின் அட்டைப்படத்தை வரைந்தது அதன் இயக்குநர் ஃபுமிடோ உவேதாதான். அதில் இத்தாலிய ஓவியர் ஜோர்ஜோ தெ கிரிகோவின் சாயல் பளிச்சென்று தெரியும்.

படி 4: இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போங்கள்

இகோவைச் செய்த உவேதாவுக்கு யார் முன்னோடி? அவர் சொன்னவற்றில் 1991இல் எரிக் ஷாஹி பெரும்பகுதி தனியாளாகச் செய்த 'அனதர் வேர்ல்ட்', 1989இல் ஜோர்டன் மெக்னர் செய்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' இரண்டும் உண்டு. மூன்றிலும் மனித உடலின் எடை தெரியும். கால் வழுக்கும், விளிம்பைப் பிடித்துத் தொங்க வேண்டும்.

மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் குதிப்பதையும் வீடியோ எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமாக வரைந்து அந்த அசைவைக் கொண்டுவந்தார். அந்த அசைவுகளே ஆப்பிள் கணினியின் நினைவகத்தை நிரப்பிவிட்டன. எதிரி ஒருவனை வரைய இடமே மிச்சமில்லை. சண்டை இல்லாவிட்டால் கேமில் உயிர் இல்லை என்று ஒரு தோழி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் இளவரசனின் அதே படத்தை, நிரலில் ஒரு சின்ன மாற்றத்தால் வேறு தோற்றமாக்கி, நிழல் மனிதனாக உலவ விட்டார் மெக்னர். கண்ணாடியை உடைத்துக்கொண்டு தாண்டும்போது பிரிந்து ஓடும் அந்த நிழலை, கடைசியில் வாளை உறையில் போட்டுவிட்டு ஏற்றுக்கொண்டால்தான் மேலே போக முடியும். அந்த கேமின் மறக்க முடியாத பாத்திரம் இடப் பற்றாக்குறையில் பிறந்தது. உங்கள் கேமிலும் "இவர்களுக்கு எது குறைவாக இருந்தது?" என்று கட்டாயம் கேளுங்கள். நேரமா, ஆட்களா, பணமா, நினைவகமா?

இரண்டு தலைமுறை பின்னால் போனால் போதும். அதற்கு மேல் போனால் தேடலுக்கு முடிவே இருக்காது.

படி 5: இப்போது ஸ்டுடியோவைப் படியுங்கள்

ஃபிரம்சாஃப்ட்வேர் 1986இல் அலுவலக மென்பொருள் செய்யும் நிறுவனமாகத் தொடங்கியது. முதல் கேமான 'கிங்ஸ் ஃபீல்ட்' 1994இல்தான் வந்தது. 2014இல் கடோகாவா என்ற ஜப்பானியப் பதிப்பகக் குழுமம் அந்த ஸ்டுடியோவை வாங்கியது. அதே ஆண்டு மியாசாகி தலைவரானார்.

உவேதா கதை வேறு. 2011இல் சோனியை விட்டு விலகி, ஒப்பந்த முறையில் வேலையைத் தொடர்ந்து, 2014இல் ஜென்டிசைன் என்ற சொந்த ஸ்டுடியோவைத் தொடங்கினார். 'தி லாஸ்ட் கார்டியன்' 2016இல் வந்தது. இகோ பிடிக்கும் என்பதற்காக சோனிக்கு விண்ணப்பித்தால் அந்த ஆட்கள் இன்று அங்கே இல்லை. பெயர்ப்பலகையை விட ஆட்கள் எங்கே போனார்கள் என்பதைப் பின்தொடருங்கள்.

பிறகு ஸ்டுடியோவின் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திறந்து, உங்களைக் கவர்ந்த விஷயம் யாருடைய வேலை என்று பாருங்கள். டீமன்ஸ் சோல்ஸில் சுற்றிச் சுற்றிப் போய்க் கதவைத் திறந்தால் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பது பிடித்திருக்கிறதா? அது கேமின் இடங்களையும் வழிகளையும் அமைக்கும் லெவல் டிசைனர் வேலை. இகோவில் சிறுமியின் கையைப் பிடித்து இழுக்கும்போது அவள் தடுமாறி வருவது பிடித்திருக்கிறதா? அது அனிமேட்டரும் கேம்ப்ளே புரோகிராமரும் சேர்ந்து செய்தது. "எனக்கு கேம் பிடிக்கும்" என்பது "எனக்கு இந்த வேலை வேண்டும்" என்று மாறுவது இங்கேதான்.

படி 6: செய்து பாருங்கள்

படித்ததைச் செய்து பார்க்காவிட்டால் அது வெறும் தகவலாகவே இருந்துவிடும். கேம் உருவாக்கும் மென்பொருளான கோடோ எஞ்சின் இலவசம், சுமாரான லேப்டாப்பிலும் ஓடும். உவேதா தேவையற்றதைக் கழித்துக்கொண்டே போகும் டிசைனர். இகோவில் பாத்திரத்துக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று திரையில் காட்டும் அளவுகாட்டி கிடையாது. ஒரு அறை, இரண்டு உருவம், ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் கை பிடிபடும், அவ்வளவு செய்யுங்கள். அளவுகாட்டி வைத்து நண்பரை விளையாடவிடுங்கள். பிறகு எடுத்துவிட்டு இன்னொருவரிடம் கொடுங்கள். அவர்கள் கண் எங்கே போகிறது என்று பார்த்து எழுதுங்கள்.

படி 7: வெளியிடுங்கள்

இரண்டு பக்கக் கட்டுரையும் அந்தச் சின்ன கேமும் சேர்ந்தால் உங்கள் போர்ட்ஃபோலியோவின் முதல் பதிவு தயார். சுயாதீன கேம்களை வெளியிடும் இட்ச் (itch.io) தளத்தில் இலவசமாக ஏற்றலாம்.

அடுத்த கேமுக்கு ஒரு யோசனை. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா' கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே அதில் ஒரு புதிர். சமையல் பின்னணியில் ஒலிக்கும் பாடல்கள் தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலங்களை நினைவூட்டுபவை. சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் 2024இன் முதன்மைப் பரிசும் அதற்கே. அதன் வேர்களில் பாதி நமக்குத் தெரிந்தவை என்பதால் சிவப்பு மை தாராளமாக ஓடும். அங்கேதான் நீல மையில் கவனம் வேண்டும்.

நேர்காணல்களில் பதில் கிடைக்காத கேள்வி ஏதாவது மிஞ்சினால் டெவலப்பருக்கே எழுதுங்கள். சின்ன ஸ்டுடியோக்களில் பதில் வர வாய்ப்பு அதிகம். நீங்கள் செய்து பார்த்ததன் இணைப்பு, அதை ஒட்டி ஒரே ஒரு கேள்வி, நன்றி. வேலை கேட்பதை அந்தக் கடிதத்தில் சேர்க்காதீர்கள்.