செயலி அங்காடியின் சர்வர் அமைப்பை வடிவமைக்கும் முறை

செயலி அங்காடியின் சர்வரில் இரு வகைத் தரவுகள் சேர்கின்றன. வெளியிட்டபின் ஒரு பைட்கூட மாறக்கூடாத நிறுவல் கோப்புகள் ஒரு வகை. பெயர், விளக்கம், விலை, நடப்புப் பதிப்பு என அடிக்கடி மாறும் விவரங்கள் மற்றொரு வகை. இவ்விரண்டையும் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டால் பின்னர் எடுக்க வேண்டிய முடிவுகளில் பெரும்பாலானவை எளிதாகிவிடும்.

நிறுவல் கோப்புகளைத் தரவுத்தளத்தில் அல்லாமல் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (கோப்புகளை முழுமையாகப் பெயரிட்டுச் சேமிக்கும் கிடங்கு) வையுங்கள். கோப்பின் ஷா-256 ஹாஷ் மதிப்பையே (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்) அதன் பெயராக்கினால், ஒரு பெயருக்கு என்றும் ஒரே உள்ளடக்கம்தான். ஆகவே சிடிஎன் (பயனர்களுக்கு அருகிலிருந்து கோப்புகளை வழங்கும் சர்வர் வலையமைப்பு) அதன் நகலை எவ்வளவு காலம் கேச் செய்து வைத்திருந்தாலும் கவலையில்லை. பாதியில் அறுந்த பதிவிறக்கம் விட்ட இடத்திலிருந்து தொடரும் வகையில், கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் ஹெச்டிடிபி ரேஞ்ச் கோரிக்கைகளை ஏற்கும்படி அமைக்க வேண்டும்.

மாறும் விவரங்களுக்கு போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம் ஒன்றே போதும். செயலியின் அடையாளப் பெயரை, அச்செயலி நீக்கப்பட்ட பின்னரும் வேறொருவருக்கு வழங்கக்கூடாது. வழங்கினால், பழைய பயனர்களின் கருவிகளுக்குப் புதியவரின் நிரல் புதுப்பிப்பு என்ற பெயரில் போய்ச் சேரக்கூடும். பதிப்பு வரிசைக்குத் தனியாக ஒரு முழு எண் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளாக ஒப்பிட்டால் 1.10 என்பது 1.9-க்கு முன்னால் வந்து நிற்கும்.

பதிவேற்றப்பட்ட கோப்பை உடனே வெளியிடாமல் ஒரு பணிவரிசையில் சேர்த்து, முந்தைய பதிப்பின் கையொப்பச் சான்றிதழுடன் (வெளியிட்டவரை அடையாளம் காட்டுவது) இது பொருந்துகிறதா, எந்தெந்த அனுமதிகளைக் கோருகிறது, தீநிரல் ஏதேனும் உள்ளதா என்று சோதிக்க வேண்டும். விரித்தால் வட்டையே நிரப்பிவிடும்படி சுருக்கப்பட்ட கோப்புகளும் வரும் என்பதால், இச்சோதனைகளை மற்ற சர்வர்களிலிருந்து விலக்கிய தனிச்சூழலில் நடத்துவதே முறை.

மிகுந்த கவனம் தேவைப்படுவது கையொப்பத்தில்தான். ஹெச்டிடிபிஎஸ் பயணப் பாதையை மட்டுமே காக்கிறது; சர்வருக்குள் ஒருவன் நுழைந்துவிட்டால் அதனால் பயனில்லை. எனவே எந்தச் செயலிக்கு எந்த ஹாஷ் என்று சொல்லும் பட்டியலையே மின்கையொப்பமிட்டு வழங்க வேண்டும். இதற்கென உருவான டஃப் (தி அப்டேட் ஃபிரேம்வொர்க்) கட்டமைப்பு, ரூட் (மற்றச் சாவிகளை அங்கீகரிப்பது), டார்கெட்ஸ் (கோப்புகளின் ஹாஷ் பட்டியல்), ஸ்னாப்ஷாட் (பட்டியல்களின் நடப்புப் பதிப்புகள்), டைம்ஸ்டாம்ப் (பட்டியல் புதியதே என்பதற்கான சான்று) என நான்கு பொறுப்புகளாகக் கையொப்பமிடும் சாவிகளைப் பிரிக்கிறது. ரூட் சாவி இணையத்துடன் தொடர்பற்ற இடத்தில் இருக்கும். டைம்ஸ்டாம்ப் கோப்பு குறுகிய காலத்தில் காலாவதியாகும். ஆதலால், பழைய பட்டியலையே தொடர்ந்து காட்டிப் பாதுகாப்புத் திருத்தங்களை மறைக்கும் தாக்குதலைக் கருவியே கண்டுகொள்ளும். சிறிய அங்காடிக்கு நான்கு சாவிகள் மிகையாகத் தோன்றலாம். ரூட் சாவியையாவது தனியே வைப்பதில் சமரசம் வேண்டாம்.

சுமையைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 10 லட்சம் கருவிகள் நாளுக்கு ஒருமுறை புதுப்பிப்பு உண்டா என்று கேட்டால், சராசரியாக நொடிக்கு 12 கோரிக்கைகள்கூட வராது. ஆனால் 50 எம்பி கோப்பை அவை அனைத்தும் இறக்கினால் 50 டிபி வெளியேறும். செலவு அங்கேதான் இருக்கிறது. கருவிகள் ஒரே நேரத்தில் கேட்காதபடி காத்திருப்பு நேரத்தைச் சீரற்றதாக்குங்கள். பட்டியல் மாறவில்லையெனில், 'மாற்றமில்லை' எனப் பொருள்படும் 304 என்ற ஹெச்டிடிபி பதில் போதும். எஃப்-டிராய்ட் (ஆண்ட்ராய்டுக்கான கட்டற்ற மென்பொருள் அங்காடி) போலப் பட்டியல் முழுவதையும் கருவிக்கே அனுப்பினால், எதை நிறுவியிருக்கிறது என்பதைச் சர்வரிடம் சொல்லாமலே புதுப்பிப்பு உண்டா என்று கருவி பார்த்துக்கொள்ளும். பெரிய அங்காடிகளுக்கு இது கடினமாயினும், இயன்றவரை இவ்வழியே சிறந்தது என்பது என் கருத்து.

புதிய பதிப்பை முதலில் சில பயனர்களுக்கு மட்டும் காட்டிப் படிப்படியாக வெளியிட, கருவியின் அடையாளத்தையும் பதிப்பு எண்ணையும் சேர்த்து ஹாஷ் செய்து, 0 முதல் 99 வரையான எண்ணாக்கி, அது நிர்ணயித்த விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் மட்டும் புதிய பதிப்பைக் காட்டலாம். பதிப்பு எண்ணைச் சேர்க்காவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே பயனர்களே சோதனைக்கு ஆளாவார்கள்.

பதிவிறக்க எண்ணிக்கையை உடனுக்குடன் கூட்டாமல், பதிவேடுகளிலிருந்து பின்னர் தொகுத்துக்கொள்ளலாம். பணம் செலுத்தும் கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் வேண்டும். மறுமுயற்சியில் இருமுறை பணம் பிடிப்பதை அதுவே தடுக்கும். தீங்கானதென்று தெரிந்த பதிப்பைப் பட்டியலிலிருந்து நீக்குவதோடு நில்லாமல், அதன் ஹாஷ் மதிப்பைக் கையொப்பமிட்ட தடைப்பட்டியலில் சேர்த்தால், ஏற்கெனவே நிறுவியவர்களையும் எச்சரிக்க முடியும்.