சுவரில் எழுதும் முன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கவின்கலை படிக்கும் பசங்க மூன்று பேர் போன் செய்தார்கள். "அக்கா, சூப்பரா ஒரு சுவர் கிடைச்சிருக்கு. வந்து பாத்துட்டுப் போங்க." போனேன். சென்னையில் ஓர் அரசு மருத்துவமனைக்கு எதிர்ப்புறம், பழைய கிடங்கு ஒன்றின் சுற்றுச்சுவர். நாற்பது அடி நீளம், முன்னால் பஸ் ஸ்டாப். கிடங்குக்காரர் கடிதமே எழுதிக் கொடுத்திருந்தார். பிரைமர் அடித்து, நூல் போட்டுக் கோடும் இழுத்தாகிவிட்டது. எழுதப்போகும் வாசகம்: "காத்திருந்தது போதும்". ஆளுயர எழுத்து, கறுப்பு நிறம்.

"யார் படிக்கிறதுக்கு?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுக்கு நிக்கிறவங்கதான்க்கா. முக்கால் மணி நேரம் ஆனாலும் இங்க பஸ் வராது."

திரும்பி எதிர்ப்பக்கம் பார்த்தேன். மருத்துவமனை வாசலை ஒட்டிய நடைபாதையில், பாய் விரித்து, டிபன் கேரியரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர். உள்ளே தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களின் சொந்தக்காரர்கள். ராத்திரி முழுக்க அவர்கள் கண்ணெதிரே இருக்கப்போவது இந்தச் சுவர்தான்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே தப்பை நான் செய்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஸ்ப்ரே அடிக்கும்போது மூக்கை மூடு, ராத்திரி தனியாகப் போகாதே, சந்திப்பிழை பார் என்பதையெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

காலிச் சுவர் என்று நினைப்பது

நம் ஊரில் வெள்ளையடித்த சுவரைக் கண்டதும் மாணவர்களுக்குக் கை அரிக்கும். வெள்ளை எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டாமா? யாரோ கைக்காசு போட்டு அடித்திருக்கிறார்கள். ஓரத்தில் குனிந்து பாருங்கள். ஒரு கட்சியின் பெயர், இந்த வருடத்திலிருந்து அந்த வருடம் வரை, 'ரிசர்வ்டு' என்று சின்னதாக எழுதியிருக்கும். தேர்தல் வாடை அடிக்கத் தொடங்கிவிட்டால் அந்த ஒரு சொல்லுக்காகத் தெருவில் கைகலப்பே நடக்கும். அதற்கு நடுவில் உங்கள் கவிதையோடு போய் நிற்காதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. திறந்தவெளி இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959-இலிருந்தே அமலில் உள்ளது. தனியார் சுவராக இருந்தாலும், போகிற வருகிறவர் கண்ணில் பட்டால் அது அந்தச் சட்டத்தின் கண்ணிலும் படும். வீட்டுக்காரர் வாயால் சரி என்றது கணக்கில் வராது, எழுதி வாங்குங்கள். எழுதி வாங்கியதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். கண்ணகி நகர் சுவர்களைப் போட்டோவில் பார்த்துவிட்டு, "அங்க மட்டும் எப்படிக்கா விட்டாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. 2020-இல் தொடங்கிய அந்த வேலைக்குப் பின்னால் ஓர் அறக்கட்டளை, ஒரு பெயிண்ட் கம்பெனி, மாநகராட்சி எல்லாம் இருந்தன. ராத்திரி இரண்டு மணிக்கு ஏணி தூக்கிக்கொண்டு போய் வரைந்தவை இல்லை அவை.

கணினி காட்டும் தமிழை நம்புவது

இங்கிலீஷ் எழுத்துக்காகச் செய்த மென்பொருளில் தமிழை ஒட்டி, சரிபார்க்காமல் ஸ்டென்சில், அதாவது எழுத்து வடிவில் ஓட்டை போட்ட அட்டை, வெட்டக் கொடுப்பார்கள். செட்டிங் மாறியிருந்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும். 'பெண்' என்பது ப, அப்புறம் கொம்பு, அப்புறம் ண் என்று வந்து நிற்கும். ஒரு பையன் அப்படியே ஆறு சுவரில் அடித்துவிட்டு வந்தான். ஏழாவது சுவரில் பூ விற்கும் அம்மா சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஸ்டென்சிலில் இன்னொரு தொல்லை, சுழி. க, வ, ள, ழ, ண என்று நம் எழுத்தில் பாதிக்கு மேல் மூடிய வட்டம். நடுத்துண்டை வெளி அட்டையோடு பிடித்துவைக்கும் மெல்லிய பட்டைதான் பாலம். அதை விடாமல் வெட்டினால் வட்டத்தின் நடுத்துண்டு கழன்று கையோடு வந்துவிடும். பாலத்தை எங்கே விடுவது என்பதில்தான் கைத்திறன். கோட்டின் மெலிந்த இடத்தில் விட்டால் கண்ணுக்கு உறுத்தாது.

வரி இடைவெளியும் அப்படித்தான். மேல்வரியில் ஒரு 'மூ', அதற்கு நேர் கீழே ஒரு 'கீ' வந்தால் மேலே இருப்பதன் வாலும் கீழே இருப்பதன் சுழியும் முட்டிக்கொள்ளும். இங்கிலீஷ் எழுத்துக்கு விடும் இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு விடுங்கள். போர்டு எழுதும் மாஸ்டர்கள் யாரும் இதை அளந்து பார்ப்பதில்லை, கை தானாக விடும். ஃப்ளெக்ஸ் வந்து அவர்கள் பிழைப்பு போனது. ஆனாலும் ஊருக்கு ஒருவராவது மிச்சம் இருக்கிறார். ஒரு நாள் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாருங்கள், ஒரு செமஸ்டர் மிச்சம்.

பழைய 'லை'

துதிக்கை போட்ட 'லை', 'னை' எல்லாம் அழகுதான். 1978-இல் சீர்திருத்த எழுத்து வந்த பிறகு பள்ளிக்கூடம் போனவர்கள் அந்த இடத்தில் தடுக்கி நிற்பார்கள். தெரிந்தே தடுக்க வைக்கிறீர்கள் என்றால் சரி.

வாசகத்துக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காதது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

அப்போது நான் மூன்றாம் ஆண்டு. 'பொது இடம்' என்பது அந்த செமஸ்டர் தலைப்பு. தென்சென்னையில் தூங்குமூஞ்சி மரங்கள் நிறைந்த ஒரு தெருவில், ஒரு பெரியவர் தன் வீட்டு காம்பவுண்டு சுவரைக் கொடுத்தார். "என்ன வேணா எழுதிக்கோம்மா, எவனும் இங்க ஒண்ணுக்குப் போகாம இருந்தா சரி." ஹாஸ்டல் மொட்டைமாடியில் நாலு பேர் உட்கார்ந்து, இரண்டு ஃபிளாஸ்க் டீயைக் காலி செய்து, ஒரு வாசகம் பிடித்தோம்: "இது யாருடைய இடம்?" எங்களுக்கே புல்லரித்தது. நகரத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்வி, அதிகாரத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்வி என்றெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

அந்தச் சுவரை ஒட்டி ஓர் இஸ்திரி வண்டி நிற்கும். பதினெட்டு வருடமாக அண்ணனும் அண்ணியும் அங்கேதான். நான் எழுதுவதற்காக வண்டியைப் பத்தடி தள்ளி வைத்தார். ஏறி நிற்க ஸ்டூல் கொடுத்தார். பிரஷ் கழுவத் தண்ணீர் ஊற்றினார். "என்னம்மா எழுதுற?" என்று ஒருமுறை கேட்டார். "சும்மா ஒரு கேள்விண்ணே" என்றேன். சிரித்துக்கொண்டு கரியை ஊதப் போய்விட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்தது. மறுநாள் காலை வண்டி பழைய இடத்துக்கே வந்தது. இலை வழியே வெயில் விழ, கரிப்புகைக்கு நடுவே அண்ணன் வேட்டி தேய்க்கிறார், அவர் தலைக்கு மேலே "இது யாருடைய இடம்?" என்று நிற்கிறது. படம் எடுத்தேன். கல்லூரியில் எல்லோரும் பாராட்டிய படம் அது. வண்டி இருந்ததால்தான் படம் நன்றாக இருந்தது என்பது அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

பத்திரிகையில் படத்துக்குக் கீழே ஒரு வரி போடுவார்கள் இல்லையா, சுவர் வாசகமும் அதுதான். எதிரே எது நிற்கிறதோ அதற்கு விளக்கமாகிவிடும். நான் நகரத்தைக் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் நடந்தவர்களுக்கு அது அந்த வண்டியைக் கேட்ட கேள்வி. வண்டி அங்கே நிற்பது அந்தத் தெருவில் சிலருக்கு ரொம்ப நாளாகப் பிடிக்கவில்லை. அதே கோணத்தில் அவர்களும் ஒரு படம் எடுத்து மனுவோடு இணைத்தார்கள். அவர்கள் சொல்ல வந்ததை நான் ஆறடி எழுத்தில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தேன்.

மூன்று வாரத்தில் வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அதே வாரம் சுவருக்கும் வெள்ளையடித்தாயிற்று. எனக்கு ஆன நஷ்டம் ஒரு பக்கெட் பெயிண்டும் இரண்டு நாள் உழைப்பும். அண்ணன் இரண்டு தெரு தள்ளி ஒரு மார்க்கெட்டின் பின்பக்கம் போனார். மாடிவீட்டுக்காரர்கள் அவ்வளவு தூரம் துணி கொண்டுவருவார்களா? பாதி வாடிக்கை போயிற்று. எனக்கு விஷயம் தெரிய ஒரு மாதம் ஆனது, மதிப்பெண் வாங்குவதில் மும்முரமாக இருந்தேன்.

தேடிக்கொண்டு போனேன். அண்ணன், "விடும்மா" என்றதோடு சரி. அண்ணி மடித்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அன்னிக்கே படிச்சுக் காட்டியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்ல?"

சுவரின் சொந்தக்காரரிடம் முறையாகக் கேட்டேன். சுவருக்கடியில் வாழ்கிறவரிடம் கேட்கவில்லை. வகுப்பில் 'பார்வையாளர்', 'தளம்' என்று பெரிய பெரிய சொற்கள் வரும். பார்வையாளர் எங்கேயோ நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். அங்கேயே நிற்கிறவருக்கு அந்தப் பாடத்தில் பெயரே கிடையாது.

இந்தக் கதையைக் கிடங்குச் சுவர் முன்னால் வைத்துச் சொன்னதும் ஒரு பெண் கேட்டாள்: "அப்படிப் பாத்தா எதையுமே எழுத முடியாதேக்கா?"

நியாயமான கேள்வி. முடியும். கோபமாகவும் எழுதலாம். ஏரியைத் தூர்த்து மனை போட்டவரின் விளம்பரப் பலகைக்கு எதிரே "இங்கே மீன் இருந்தது" என்று எழுதுங்கள், நானே ஏணி பிடிக்கிறேன். அவருக்கு அழிக்க ஆள் உண்டு, வக்கீல் உண்டு. வம்பு வந்தால் முதலில் யாரைத் தேடி வருவார்கள் என்று மட்டும் பாருங்கள். உங்களையா, வண்டிக்காரரையா?

இப்போது நான் செய்வது இதுதான். காலை, உச்சிவெயில், ராத்திரி என்று மூன்று வேளையும் சுவர் முன்னால் ஒரு மணி நேரம் உட்காருவேன். ஒரு வேளைக்கு இருக்கும் ஆள் இன்னொரு வேளைக்கு இருப்பதில்லை. பகலில் ஆளரவமில்லாத சுவரடியில் ராத்திரி ஒரு குடும்பமே படுத்திருக்கும். அப்புறம், வாசகத்தை வாய்விட்டு அவர்களுக்குப் படித்துக் காட்டுவேன். விளக்கம் சொல்லக் கூடாது. விளக்கம் சொல்லத் தோன்றினாலே வாசகத்தில் கோளாறு. கடைசியாக, மூன்று நாள் சாக்பீஸ்.

சாக்பீஸை யாரும் மதிப்பதில்லை. சிட்னியில் ஆர்தர் ஸ்டேஸ் என்று ஒருவர், சரியாகப் படிக்காதவர், 1930-களில் தொடங்கி 1967-இல் சாகும்வரை நடைபாதைகளில் ஒரே ஓர் இங்கிலீஷ் சொல்லைச் சாக்பீஸால் எழுதிக்கொண்டே இருந்தார். 'நித்தியம்' என்று அதற்குப் பொருள். சுமார் 5 லட்சம் தடவை எழுதியிருப்பார் என்பது கணக்கு. மழையில் அழியும், மறுபடி எழுதுவார். நம் வீட்டு வாசலில் தினமும் நடப்பதும் அதுதானே.

பசங்க முணுமுணுத்துக்கொண்டேதான் சாக்பீஸ் எடுத்தார்கள். அன்றைக்கே, தண்ணீர் பாட்டில் வாங்க ரோட்டைக் கடந்து வந்த ஓர் அம்மா சுவரைப் பார்த்து நின்று, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "யாருப்பா போதும்னு சொல்றது?" என்று கேட்டார். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. ஈரத்துணி போட்டுத் துடைத்தார்கள்.

இப்போது அந்தச் சுவரில் பஸ் நம்பர்கள் இருக்கின்றன. வெளியூரிலிருந்து நோயாளியோடு வருகிறவர்கள் நாள் முழுக்கக் கேட்பது "கிளாம்பாக்கத்துக்கு எந்த பஸ்?" என்பதைத்தான். எந்த நம்பர், எங்கே இறங்கி மாறுவது என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒருவனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "இது ஆர்ட்டாக்கா?" என்றான். தெரியவில்லை. 'ளா' நன்றாக வந்திருக்கிறது.

அடிச்சுவர்

தரையிலிருந்து ஓர் அடிக்கு ஈரம் ஏறும், உப்பு பூக்கும். அங்கே எழுதாதீர்கள்.

சுண்ணாம்பு

நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பொடி வந்தால் உங்கள் பெயிண்டும் அதோடு வரும்.

ஃப்ளோரசன்ட் நிறம்

ஒரு சித்திரை வெயில் தாங்காது.

ஐப்பசி

வேண்டாம்.

உங்கள் பெயர்

வாசகத்தைவிடப் பெரிதாக எழுதி ஒரு பையன் என்னிடம் காட்டியிருக்கிறான். போன் நம்பரோடு.

மீந்த பெயிண்ட்

வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அடியில் அடித்த அதே நிறத்தில் ஒரு டப்பாவும் ஒரு பட்டை பிரஷும் சுவருக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அவரே அழித்துக்கொள்ளட்டும். கிடங்குச் சுவரின் டப்பா எதிரே டீக்கடையில் இருக்கிறது. போன வாரம் கேட்டேன், இன்னும் மூடி திறக்கவில்லையாம்.