தூண்டிலுக்கு எந்த நரம்பு? டெல்டா தண்ணீருக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி

நைலான் (தங்கூசி), பிரெய்டு, ஃப்ளூரோகார்பன் என்று கடையில் மூன்று வகை நரம்பு இருக்கும். விலை கூடினால் மீனும் கூடும் என்று நினைத்துவிட வேண்டாம்.

படி 1: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

மேட்டூர் திறந்து (வழக்கப்படி ஜூன் 12) வெண்ணாற்றிலும் குடமுருட்டியிலும் வரும் புதுத்தண்ணீர் கலங்கலாக இருக்கும். ஊர்க்குளம் பாசியோடு பச்சையாக இருக்கும். வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும். இந்த மூன்றுக்கும் ஒரே நரம்பு சரிவராது. குளம் என்றால், மீன் குத்தகைக்கு விட்டிருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நரம்பைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

படி 2: நைலானில் தொடங்குங்கள்

ஜிலேபி, கெண்டை, கெளுத்திக்கு 0.25 அல்லது 0.30 மி.மீ. நைலான் போதும். இதன் பெரிய பலம் நீளும் தன்மை. மீன் திடீரென்று பாய்ந்தாலும், நீங்கள் பதறி வெடுக்கென்று இழுத்தாலும் நரம்பு நீண்டு அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். முடிச்சும் சுலபமாக நிற்கும். புதிதாகப் பழகுபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

குறைகளும் உண்டு. நைலான் தண்ணீரை உறிஞ்சும், ஊறினால் பலம் கொஞ்சம் குறையும். வெயிலில் கிடந்தால் கெட்டுப்போகும். நம்மூர் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். ரீலில் நாள்பட்டுக் கிடந்தால் சுருள் சுருளாக வரும். விலை குறைவுதானே, வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கழற்றிய நரம்பைக் கரையில் போடாதீர்கள். அது மட்காது, நீர்க்காகத்தின் காலைச் சுற்றிக்கொள்ளும்.

படி 3: முடிச்சை நனைத்து இறுக்குங்கள்

எந்த நரம்பானாலும் இது பொது விதி. உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலவீனமாகும். எச்சில் தொட்டாலே போதும்.

படி 4: விரால் என்றால் பிரெய்டு

மெல்லிய பாலிஎதிலீன் இழைகளைப் பின்னிச் செய்தது பிரெய்டு. 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ தாங்கும் பிரெய்டு, 6 பவுண்டு நைலான் அளவுக்குத்தான் தடிமன் இருக்கும். தண்ணீரில் மிதக்கும், அநேகமாக நீளவே நீளாது. ஆகாயத்தாமரைக்கு நடுவில் தவளை பொம்மையை இழுத்து விரால் பிடிக்க இதுதான் சரி. கடித்தவுடன் கைக்குத் தெரியும், விராலைத் தண்டோடு சேர்த்து வெளியே இழுக்கலாம். அங்கே நைலானைப் போட்டால் அது நீள்வதற்குள் விரால் வேருக்குள் போய்விடும்.

ஆனால் மதகுக் கருங்கல்லில் உரசினால் பிரெய்டு சட்டென்று அறும். சிக்கிய பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, சதையை அறுத்துவிடும்; ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள். ரீலில் முதலில் கொஞ்சம் நைலானைச் சுற்றி, அதன்மேல் பிரெய்டை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் மொத்தச் சுருளும் வழுக்கும். சாதாரண முடிச்சும் இதில் நழுவும். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் கோத்துக் கட்டும் பாலோமர் முடிச்சைப் பழகுங்கள்.

படி 5: ஃப்ளூரோகார்பன் நுனிக்கு மட்டும்

இதன் ஒளிவிலகல் எண் 1.42. தண்ணீருக்கு 1.33, நைலானுக்கு 1.5க்கு மேல். தண்ணீரின் எண்ணுக்கு நெருக்கமாக இருப்பதால் தெளிந்த நீரில் மீன் கண்ணுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. சரி, கலங்கல் தண்ணீரில் நைலானே தெரியாதே! அங்கே இந்தக் காசு வீண் என்பது என் கருத்து. விறைப்பாக இருப்பதால் ரீல் முழுக்கச் சுற்றினால் புதியவருக்குச் சிக்கல்தான் மிஞ்சும்.

உரசலைத் தாங்குவதுதான் இதன் உண்மையான பயன். கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு பக்கம் கொடுவாவுக்குப் போகிறவர்கள் பிரெய்டின் நுனியில் ஒரு மீட்டர் ஃப்ளூரோகார்பன் கட்டலாம். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி அறுக்கும். கையில் காசில்லை என்றால் தடித்த நைலானும் அந்த வேலையைச் செய்யும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நுனியை விரலால் வருடிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அந்த அளவுக்கு வெட்டிவிட்டு முள்ளை மறுபடி கட்டுங்கள்.